அண்ணன் எழுதிய ப்ளாஸ்மா அழைப்பு

மாலைக்குக் கழுத்தையும் மைக்குக்கு மனத்தையும் கொடுத்து, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் அச்யுத் அவர்களே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெரியோர்களே! மாலை நேரச் சீரியலைத் தியாகம் செய்து அல்சூர் வரை வந்திருக்கும் தாய்மார்களே! ரத்ததான முகாம் என்று சொல்லாமலே அழைத்து வரப்பட்ட அப்பாவி இளைஞர்களே! அனைவருக்கும் பாகீரதியின் பணிவான வணக்கம்.

ஏன் வாசலைப் பார்க்கிறீர்கள்? கதவைச் சாத்தியாகிவிட்டது!

கொரோனா கொடிகட்டிப் பறந்த காலம். என் கணவர் கேசவ் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். டாக்டர் போனில் சொன்னார்: "கொரோனா வந்து குணமானவங்க ப்ளாஸ்மாவை ஏத்திப் பார்க்கலாம்மா. பி பாசிட்டிவ். சீக்கிரம் ஆள் தேடுங்க."

தேட வேண்டியவர் யார்? நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைக் கட்டி ஆளும் என் அண்ணன்! எழுதினார் ஐயா, எழுதினார்! "அன்பின் ஊற்றே, அறத்தின் நாற்றே, பெங்களூரில் பூத்த பைந்தமிழ்க் காற்றே" என்று தொடங்கினார். கருணையைப் பற்றி ஒரு பத்தி. குருதியின் நிறத்தைப் பற்றி இரண்டு பத்தி. ரத்த வகையும் போன் நம்பரும் எங்கே? அடியில், 'மேலும் படிக்க' என்பதற்கும் அப்பால்!

பதில்கள் குவிந்தன. கைதட்டல், பூங்கொத்து, "அருமை ஐயா!" ஒருவர் கேட்டார்: "விழா எங்கே? சாப்பாடு உண்டா?"

என்ன தாத்தா, தலையைக் குனிகிறீர்கள்? உங்கள் பெயரை நான் சொல்லவில்லையே!

நான் அண்ணனின் போனைப் பிடுங்கினேன்.

"பாகீ, இன்னும் முத்தாய்ப்பு வைக்கலையேம்மா!"

"அதை அப்புறம் வைங்கண்ணா. அவருக்கு மூச்சு நின்னுடும் போல இருக்கு!"

ப்ளாஸ்மா வேண்டும், பி பாசிட்டிவ், நம்பர். அவ்வளவுதான் அனுப்பினேன். அந்தச் செய்தி எந்தெந்தக் குழுவுக்கோ தாவி, ஆஸ்டின் டவுனில் ஜிம் நடத்தும், கொரோனா வந்து குணமான டென்சிலிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பதில் ஒரே சொல்: "வரேன்."

வந்தார். தூணுக்குக் கை முளைத்தது போல ஆள். ஊசியைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ஊசின்னா எனக்கு ரொம்ப பேஜார்க்கா. யாராவது பேசிக்கினே இருங்க, ப்ளீஸ்!"

பேசுவதற்கு ஆளுக்கா பஞ்சம்? அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். டென்சில் பயத்தை மறந்தார், ஊசியை மறந்தார், கொட்டாவியும் விட்டார். ப்ளாஸ்மா எடுத்து முடித்து மிஷின் நின்றது. அண்ணன் நிற்கவில்லை! கோபிக்காதீர்கள் அண்ணா, அன்று உங்கள் நாக்கை நான் கும்பிட்டேன்.

கேசவ் பிழைத்தார். அதோ, மூன்றாவது வரிசையில் வெட்கப்படுகிறார். ப்ளாஸ்மாவா காப்பாற்றியது? பிறகு பெரிய ஆய்வுகள் நடந்தன. பெரிதாகப் பலன் இல்லை என்று அந்தச் சிகிச்சையையே கைவிட்டார்கள். ஆக்சிஜனா, மருந்தா, அவருடைய ஆயுளா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று தெரியும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த நாளில், உறவில்லை, ஒரு நாள் பழக்கமில்லை, ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டே வந்தார்! மருந்து தோற்கலாம். மருத்துவக் கணக்கு மாறலாம். அவர் வந்தாரே, அது தோற்குமா? சொல்லுங்கள், தோற்குமா? நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன் ஐயா. அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு உயிர் வந்தது.

இன்று பக்கத்து அறையில் கட்டில்கள் காத்திருக்கின்றன. யாருக்காகவோ, எந்தப் பெண்ணோ, இந்த நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு யார் பதில் சொல்வது?

அட, மூன்றாவது வரிசையில் யாரது எழுந்திருப்பது? ஏங்க, நீங்களா! வீட்டில் சொல்லவே இல்லையே. சட்டைக் கையை வேறு மடித்துவிட்டார். நடுக்கம் இங்கிருந்தே தெரிகிறது.

இருங்க, நானும் வரேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, பொறுமையாய்க் கேட்டதற்கு நன்றி. மீதி வணக்கத்தை அந்த அறையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்!