புரட்டாசியில் பச்சை மீன்

மோட்டார் விபத்தில் அடிபட்ட மகனை மருத்துவமனையில் பார்த்துவிட்டு, மலாக்காவிலிருந்து செங் போகும் பஸ்ஸில் அரைத் தூக்கமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் மழை வழிந்தது. முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"புரட்டாசியில பச்சை மீன் சாப்பிட்டுட்டேன்கா," என்றாள் இளையவள்.

"விரதத்துலயா? பொரிச்சதாவது சாப்பிட்டிருக்கலாம்லா."

"என் பையன் திங்கக்கிழமை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறான்கா. அந்தப் புது ஜப்பான் சுஷி கடைக்குக் கூட்டிட்டுப் போனான். விரதம்னு சொன்னா முகம் வாடிடும்."

"அங்கயா? ஒரு வாய் சோத்துக்கு அவ்வளவு காசு. வொர்த்தா, சொல்லு."

"மீன் வழவழன்னு இருந்துச்சு, ருசியே தெரியல. ஆனா ஒவ்வொண்ணாதான் செஞ்சு வைக்கிறாங்க. அடுத்தது வர்ற வரைக்கும் சும்மா உட்காரணும். வீட்டுல தட்டைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவான்கா. அங்க பக்கத்துலயே உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தான், சின்னப் பிள்ளை மாதிரி."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"பெருமாள்கிட்ட என்ன சொல்லப்போற? பையனுக்காகன்னா?"

"எப்படிக்கா சொல்றது? வயிறு நிறைஞ்ச பிறகும் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேட்டது நான்தான்."

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது.