கப்பி இல்லாத வில்

வெள்ளிக்கிழமை விரதம் முடித்து, கனடாவின் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, நான் மானை விழுத்திப்போட்டன்!"

"மெல்லக் கதையடி, கோயிலடி! எந்த வில்லாலை?"

"என்ரை மரவில்லாலைதான். இந்த முறையும் வெறுங்கையோடை வந்தா அதை விறகாக்குவன் எண்டு இவர் சொன்னவரெல்லோ?"

"உன்ரை மனுசன்ரை வில்லிலை கப்பி, குறி பார்க்கிற கண்ணாடி எல்லாம் கிடக்கு. அதைக் கொண்டு போயிருக்கலாமே, விசரி?"

"அதாலை தூரத்திலை நிண்டே விடலாம். எனக்கு அது வேண்டாம் அக்கா. மரவில்லெண்டா கிட்டப் போகவேணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு பார்க்கவேணும், காலுக்குக் கீழை சருகு பார்க்கவேணும். மூண்டு வருசமா என்ரை மணம் பிடிச்சு ஓடினதுகள். இந்த முறை அது மூச்சு விடுறதே கேட்டது. குறி பிழைக்காது எண்டு தெரிஞ்ச பிறகுதான் விட்டனான். ஒரே அம்பு. துடிக்கவும் இல்லை."

"பாவமடி."

"ஓம், பாவம்தான். அதுதான் அவ்வளவு கிட்டப் போனனான். முருகனும் வேடனா வில்லோடைதானே வள்ளியிட்டை வந்தவர்?"

மூத்தவள் சிரித்துவிட்டாள். "சரி, உன்ரை மனுசன் என்னத்தைக் கொண்டு வந்தவர்?"

"என்ரை மானைத்தான்! அவருக்கு ஒண்டும் விழேல்லை. அதை இழுத்துக்கொண்டு, வழியிலை கண்ட வெள்ளைக்காரருக்கெல்லாம் 'என்ரை மனுசி விழுத்தினது' எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர்."