உச்சி போன மலை

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போட்ட சத்தத்தில், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது.

"அண்ணாமலையாரு தலையவே வெட்டிட்டானுங்கக்கா!"

பக்கத்தில் இருந்த அக்கா பதறிப்போய் அவள் நீட்டிய போனைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மலை இருந்தது, உச்சியைக் காணோம்.

"உங்க வூட்டு மொட்டமாடியில நீ புடிச்ச போட்டோதான அமுதா இது?"

"ஆமாக்கா. யாரு வேணா எடுத்துக்குங்க, காசு வேணாம், எம்பேர மட்டும் போடுங்கன்னு சொல்லித்தான் நெட்ல போட்டேன். உச்சிய வெட்ட எவனுக்கும் கை வராதுன்னு அத ஒட்டியே எம்பேர எழுதி வெச்சேன். பேரோட உச்சியையும் சேத்து வெட்டிட்டானுங்க!"

"கீழ என்னமோ எழுதியிருக்கே?"

"'நன்றி: இணையம்'னு. இணையமாக்கா வெயில்ல மாடி ஏறி நின்னுச்சு?"

"யாருடி அவனுங்க?"

"அதான் வயிறு எரியுது. அடுத்தவங்க படத்த திருடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற பேஜுக்கா. அந்தப் புத்தியையும் எம் படத்து மேலயே எழுதியிருக்கானுங்க!"

"கேளேன்டி."

"கேக்காம வுடுவனா? பஸ் ஏறும்போதே கேட்டுட்டேன்."

சொல்லி வாய் மூடுமுன் போன் சிணுங்கியது. அக்கா வாசித்தாள்.

"'தவறுக்கு வருந்துகிறோம், பெயரைச் சேர்த்துவிட்டோம். நன்றி: இணையம் மற்றும் அமுதா.' பாரு, பேரு வந்துடுச்சு. போவட்டும் வுடு."

"இணையத்துக்கு அப்பறந்தானா நானு?" அமுதா போனைப் பிடுங்கினாள். "பேரு கெடக்குதுக்கா. உச்சி எங்கடான்னு கேக்கறேன், இரு."