சமையக்கட்டு சுவிட்ச்

மைக்ரோவேவ் ஓவன் ஓடலேன்னா எடுத்தவுடனே அதைக் கழட்டக் கூடாது மேடம். பிளக் சரியா மாட்டியிருக்கா, போர்டுல சுவிட்ச் இறங்கி ஆஃப் ஆயிருக்கான்னு முதல்ல பார்க்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்சி, ஓவன் ரிப்பேர் பண்ற ஒரு கடையில போன்ல கம்ப்ளெய்ண்ட் எடுக்கிற வேலை பார்த்தேன். நாள் பூரா இதைத்தான் சொல்லுவேன்.

எங்க வீட்டுக்காரர் பாண்டியராஜுக்கு இதெல்லாம் தேவைப்படாது. பூ மார்க்கெட்டுல கமிஷன் கடைதான் வச்சிருந்தாரு, ஆனா செல்லுல ரெண்டு வீடியோ பார்த்தா ராக்கெட்டே விட்டுருவாரு. அவர் கைபட்டு வீட்டு மிக்சி, கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாம் மோட்சத்துக்குப் போயிருச்சு. மெக்கானிக்கைக் கூப்பிடவான்னு கேட்டா, "வாயை மூடுடி, மக்கு. உனக்கு பல்பு மாட்டத் தெரியுமா?"ம்பாரு. மூடிக்குவேன். நான் அடக்கமான பொம்பளை.

பிள்ளைக ரெண்டும் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் அதே கடையில திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாங்க. எனக்கு அம்புட்டு சந்தோசம். புதுச் சேலை கூட எடுத்தேன். இவரு நேரா கடைக்குப் போயி, "எம் பொண்டாட்டிக்கு மூளை சரியில்ல, மாத்திரையில ஓடுது"ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. என் மேல அம்புட்டு அக்கறை. வந்து காபி கேட்டாரு. வயிறு எரிஞ்சுச்சு மேடம், ஆனா சர்க்கரை சரியாத்தான் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை, வராண்டா போர்டுல சமையக்கட்டு சுவிட்சை நான்தான் இறக்குனேன். இறக்கிட்டு, "ஏங்க, ஓவன் ஓடல. போர்டைப் பாருங்க"ன்னும் சொன்னேன். நியாயமா நடந்துக்கணும்ல.

"போர்டுல என்னடி இருக்கு? உள்ள பியூசு போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை எடு."

எடுத்துக் குடுத்தேன். பிளக்கைக் கூட உருவல. "செத்த ஓவன்ல என்ன ஷாக்கு"ன்னு சிரிச்சாரு. மூடியைக் கழட்டி ரெண்டு கையையும் உள்ள விட்டாரு. அதுவரைக்கும் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, வராண்டாவுக்குப் போயி சுவிட்சைத் தூக்கிவிட்டேன்.

பெருசா சத்தமில்ல. செத்த நேரம் நின்னுட்டு, திரும்ப இறக்கிட்டு உள்ள போனேன். மூச்சு இல்ல.

அழுதேன் மேடம், பொய் சொல்லல. அப்புறம் பசிச்சுச்சு. மூடியை வச்சு ஸ்க்ரூவெல்லாம் நானே முடுக்கி, சுவிட்சைப் போட்டு, காலையில செஞ்ச வெஞ்சனத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் உங்க ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். ஓவன் நல்லாத்தான் ஓடுது. ரிப்பேருன்னு அவராத்தான் முடிவு பண்ணாரு, அதுக்கு நான் என்ன செய்ய.