வழி தவறாத குமிழிகள்

எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும், ஐயா. துணி காயப்போட்டால்கூட ஒரே நிறக் கிளிப்பாகத் தேடிப் போடுவேன்.

புற்றுக்கட்டிக்கு மட்டும் மருந்தைக் கொண்டுபோகும் நானோ குமிழிகளைச் செய்வது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழி. உள்ளே சிவப்பு மருந்து, வெளியே கட்டியைக் கண்டுபிடித்துப் பற்றும் கொக்கி, ஸ்கேனில் ஒளிரச் சாயம். அந்தக் கொக்கிக்காக ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். கைதட்டலோ மருந்துக்காரர்களுக்கு. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் என்னை "நம்ம டப்பாக்காரர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். வயிறு எரியும்.

மருந்தை ஏற்றினால் குமிழிகள் கோணல்மாணலாக உப்பும், சில வெடிக்கும். ஏற்றாவிட்டால் அத்தனையும் ஒரே அளவு. ஒருநாள் முதல் ஏற்றாமலே மருத்துவமனைக்கு அனுப்பத் தொடங்கினேன். மருந்தளவைச் சோதித்துக் கையெழுத்துப் போடுபவனும் நானே என்பதால் யாருக்கும் சிரமம் இல்லை.

நர்ஸ் மட்டும் கேட்டார். "எப்பவும் சிவப்பாத்தானே சார் இருக்கும்? இது பால் மாதிரி இருக்கே."

"மேம்படுத்தியிருக்கோம்."

"பார்க்கவே நல்லா இருக்கு சார்," என்று ஊசியில் எடுத்தார்.

பதினோரு பேருக்கு, நான்கு மாதம். அவர்களில் ஒருவர் என் அத்தான். அலையாய் அலைந்து இந்தச் சோதனைச் சிகிச்சையில் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். வாந்தி நின்றது, முடி முளைத்தது. "உன் புண்ணியத்துல மனுஷன் வாய்க்கு ருசியா சாப்பிடறார்டா," என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பிறருக்கு உதவுவதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

ஸ்கேனில் ஒளிரும் இடம் மாதாமாதம் பெரிதானது. மருந்து நிறையப் போய்ச் சேர்கிறது என்று நினைத்து, கூட்டத்தில் முதன்முறையாக எனக்குக் கைதட்டினார்கள். கட்டி வளர்வதால்தான் ஒளி வளர்கிறது என்று எனக்குத் தெரியும். கைதட்டிக்கொண்டிருப்பவர்களை எப்படி இடைமறிப்பது?

அத்தான் போன மாதம் இறந்தார். மற்றவர்களில் ஆறு பேர். மருந்தை ஏற்றாமல் விட்டவன் நான்தான், உங்கள் விசாரணையில் அதை மறுக்கவில்லை. ஆனால் அத்தானின் கடைசி ஸ்கேனை நீங்களே பாருங்கள். கட்டி முழுக்க ஒளி, வேறெங்கும் ஒரு பொட்டு இல்லை. பிணம் எடுப்பதற்குள் அக்காவிடம் காட்டிவிட வேண்டும் என்று ஓடினேன்.

"எல்லாம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கு, பாருக்கா."

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பாவம், அவளுக்கு ஸ்கேன் பார்க்கத் தெரியாது.