உச்சி வெயிலில் ஒரு போட்டோ

அப்பா: நிழல் வேணாம்க்கா. இங்கயே, நடு வெயில்லயே எடுங்க.

ஸ்டுடியோ அக்கா: மணி பன்னெண்டு தம்பி. மொட்டைமாடித் தரை அடுப்பா கொதிக்குது. அஞ்சு வயசுப் பிள்ளையை ஏன் இப்படி வாட்டுறீங்க? படிக்கட்டு ரூம் பக்கம் வாங்க, அங்க நிழல் அருமையா விழுது.

அப்பா: ரெண்டே நிமிஷம். படம் பளிச்சுனு இருக்கட்டும்.

வாலு: அப்பா, கண்ணு கூசுது...

அப்பா: மூடிக்கோ தங்கம்.

ஸ்டுடியோ அக்கா: கண்ணை மூடிக்கிட்டா போட்டோ? நல்லா இருக்கே கதை! இதப் பாருங்க, ஸ்க்ரீன்ல. நெத்தி, கன்னம் எல்லாம் கருப்பா மினுக்கு மினுக்குனு அடிக்குதா?

அப்பா: ஏன், கேமரா கெட்டுப்போச்சா?

ஸ்டுடியோ அக்கா: வாயைக் கழுவுங்க! கெட்டுப்போகல, திட்டுது. 'இந்த இடமெல்லாம் வெந்துபோச்சு'ங்குது. வெளிச்சம் அளவுக்கு மீறிடுச்சு. அங்க தோலு, முடி எதுவும் பதியல. வெறும் வெள்ளை. இருட்டா விழுந்த படத்தைக்கூட கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தேத்திடலாம். வெந்ததைத் தேத்த முடியாது.

அப்பா: யாராலயும் முடியாதா?

ஸ்டுடியோ அக்கா: தலைகீழா நின்னாலும் முடியாது.

அப்பா: அப்பாடா...

ஸ்டுடியோ அக்கா: என்னது?

அப்பா: இல்ல... நல்லா வந்திருக்குன்னு சொன்னேன். இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுங்களேன்.

ஸ்டுடியோ அக்கா: இன்னுமா! போட்டிருக்கிறது வெள்ளைக் கவுன், பின்னாடி வெள்ளைச் சுவர். இதுல கூட்டினா மூக்கு ஓட்டை ரெண்டும், வாயும்தான் மிஞ்சும்.

அப்பா: அது போதும்க்கா.

ஸ்டுடியோ அக்கா: போதுமா? சரிதான்! இருபது வருஷமா படம் எடுக்கறேன். பெத்த பிள்ளைக்கு மூக்கு ஓட்டை போதும்னு சொன்ன அப்பாவை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.

வாலு: ஆன்ட்டி, ஆன்ட்டி... எனக்குப் புரு—

அப்பா: ஏய்! ஆடாம நில்லு!

ஸ்டுடியோ அக்கா: அவ எங்க ஆடினா? நீங்கதான் ஆடுறீங்க. நீ சொல்லுடா செல்லம்.

வாலு: சொல்லக் கூடாதாம். அப்பா சொல்லியிருக்காரு.

ஸ்டுடியோ அக்கா: ஓஹோ... சரி சரி. என் திருப்திக்கு வெளிச்சத்தைக் குறைச்சு ஒண்ணு எடுத்துக்கறேன்...

அப்பா: வேணாம்க்கா, எதுக்கு வீணா...

ஸ்டுடியோ அக்கா: எடுத்தாச்சு. ம்ம்... தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க. வலது புருவம் மட்டும் ஏன் இவ்ளோ கருப்பு?

அப்பா: அது... பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்.

ஸ்டுடியோ அக்கா: பொறந்ததுலேர்ந்தே கன்னம் வரைக்கும் ஒழுகுமா?

அப்பா: ஐயையோ! இரு, இரு, அப்பா துடைக்கிறேன்...

ஸ்டுடியோ அக்கா: தேய்க்காதீங்க! போச்சு, நெத்தி பூரா அப்பிடுச்சு. என்னத்தை வச்சு வரைஞ்சீங்க?

வாலு: என் ஸ்கெட்ச் பேனா!

ஸ்டுடியோ அக்கா: நிஜப் புருவம் எங்க?

அப்பா: ...போயிடுச்சு.

ஸ்டுடியோ அக்கா: எங்க போச்சு, கடைக்கா?

அப்பா: ஷேவ் பண்ணிட்டிருந்தேன்க்கா. போன் வந்துச்சு. ட்ரிம்மரை வச்சுட்டு ரெண்டே நிமிஷம்தான் அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தா, கண்ணாடி முன்னாடி ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, 'நானும் ஷேவ் பண்ணிட்டேன்'கறா.

வாலு: வலிக்கவே இல்ல ஆன்ட்டி!

அப்பா: சிரிக்காதீங்கக்கா. இவ அம்மா ட்ரெய்னிங்னு வெளியூர் போய்ப் பத்து நாளாச்சு. வர இன்னும் ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள வளர்ந்துடும்...

ஸ்டுடியோ அக்கா: அதுவரைக்கும் வீடியோல பார்க்க மாட்டாங்களா?

அப்பா: போன் கேமரா ரிப்பேர்னு ரெண்டு நாள் ஓட்டினேன். 'அப்படியா, ஸ்டுடியோவுல ஒரு படம் எடுத்து இன்னிக்கே அனுப்புங்க, இல்லாட்டி எங்கம்மா பெட்டியோட வந்து இறங்குவாங்க'ன்னுட்டா.

ஸ்டுடியோ அக்கா: வந்தா வரட்டுமே! மாமியார்னா அவ்ளோ பயமா?

அப்பா: மாமியார் வந்தா சமாளிச்சுடுவேன். அது இல்லக்கா... 'என் பொண்ணைப் பார்த்துக்க எனக்குத் தெரியாதா'ன்னு மார்தட்டித்தான் அவளை அனுப்பி வச்சேன். காய்ச்சல்ல ரெண்டு நாள் தோள்லயே தூக்கிட்டு நடந்தேன். ரெட்டைப் பின்னல் போடக் கத்துக்கிட்டேன். அதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? இந்த ஒத்தைப் புருவம்தான் தெரியும். இனிமே இவளை என்னை நம்பி விடவே மாட்டாளோன்னு பயமா இருக்குக்கா.

ஸ்டுடியோ அக்கா: ...பின்னல் நீங்க போட்டதா?

அப்பா: ம்.

ஸ்டுடியோ அக்கா: நேரா இருக்கே! சரி, அந்தக் குழாய்ல முகத்தைக் கழுவி விடுங்க. ரூம் நிழலுக்குக் கூட்டிட்டு வாங்க. ஆங்... அந்த வெள்ளைத் துணியை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிங்க. வெயில் அதுல பட்டு முகத்துக்குத் திரும்பணும். இன்னும் கீழ. அதான். வாலுக்குட்டி, இப்பக் கண்ணு கூசுதா?

வாலு: இல்லியே!

ஸ்டுடியோ அக்கா: எங்க, ஷேவ் பண்ணிட்டு அப்பாகிட்ட என்ன சொன்னே?

வாலு: 'இப்ப மீசையும் எடுக்கட்டுமா'ன்னு கேட்டேன்!

ஸ்டுடியோ அக்கா: ஹஹ்ஹா... படம் விழுந்துச்சு! வந்து பாருங்க தம்பி.

அப்பா: ஐயோ... ஒவ்வொரு முடியும் தெரியுது. இல்லாத முடியும் தெரியுது.

ஸ்டுடியோ அக்கா: அதை விடுங்க, அந்தச் சிரிப்பைப் பாருங்க. இதையா வேக வைக்கச் சொன்னீங்க?

அப்பா: ...அழகாத்தான்க்கா இருக்கா. சரி, இதையே அனுப்பிடுறேன். நானே உண்மையைச் சொல்லிடுறேன். வர்றது வரட்டும்.

வாலு: அப்பா, நீ வரைஞ்சது ஒழுகிடுச்சு. அம்மா வரைஞ்சது ஒழுகவே இல்ல.

அப்பா: அம்மாவா... அம்மா எப்படி வரைஞ்சா?

வாலு: பென்சில்ல. நீ ஊருக்குப் போயிருந்தப்ப. அப்ப இது இல்ல, இன்னொரு பக்கப் புருவம். அதுவும் சொல்லக் கூடாதாம்.

அப்பா: அக்கா! என்ன சொல்றா இவ? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க?

ஸ்டுடியோ அக்கா: என்னைக் கேக்காதீங்க தம்பி. நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன்... இதே மாடியில, இதே வெயில்ல நின்னுக்கிட்டு, இந்தப் பிள்ளையை வேக வைக்கச் சொல்லிக் கெஞ்சின ரெண்டாவது ஆள் நீங்க.