வடைக்கு முன்னால் ஒரு மாத்திரை

வேளச்சேரி ரயிலில் எதிர் சீட்டில் இரண்டு நண்பர்கள். மீசைக்காரர் வடைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மாத்திரையை விழுங்கினார்.

“இத்த போட்டுக்கினா வடை ஒண்ணும் பண்ணாது மச்சி. கடலை, எள்ளுல கீற சத்து. ஸ்டெரால்னு பேரு. கொழுப்பைக் குடல்லயே தடுத்துடும்.”

கண்ணாடிக்காரர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். “கொஞ்சந்தான் தடுக்கும். டாக்டர் குடுத்த மாத்திரை இன்னா ஆச்சு?”

“அத்த நிறுத்திட்டேன். இது செடியிலேர்ந்து எடுக்கறது.”

“போன வருசம் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சவன்டா நீ. உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“எது? வடையா, மாத்திரையா?”

கோட்டூர்புரம் தாண்டியது. கண்ணாடிக்காரர் போனை எடுத்தார்.

“தங்கச்சி, நான் அண்ணன் பேசறேம்மா.”

மீசைக்காரர் கடித்த வடையைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தார்.